கரண்டுக் களி

மனிதராய்ப் பிறந்தால் தப்புச் செய்யாமல் இருக்க முடியாது என்று பேசுகிறவர்கள், தருமபுரிக் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் களிக் கிளப் நடத்திய அக்காவைப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். யுத்த காலத்தில் சில வருஷங்கள் இரண்டு வேளையும் அவளிடம்தான் சாப்பிட்டேன். அத்தனை காலத்தில் அவள் ஒரு தப்புக்கூடச் செய்யவில்லை. தப்பெல்லாம் செய்தது நாங்கள். நாங்கள் என்றால் நான், மளிகைக் கடைக்காரர், வாசற்படி, மொரப்பூர் ரயில், அப்புறம் மேட்டூர் அணை.

வாசற்படி செய்த தப்பு, அவளைத் தடுக்கி விட்டது. முழங்கால் சிராய்ந்து ரத்தம் வந்தது. எழுந்தவள் முழங்காலைப் பார்க்கவில்லை, படியைப் பார்த்தாள். "நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே கெடந்தே, இன்னிக்கு என்னா கேடு?" என்று கேட்டாள். கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியின் மூலையை உடைக்கச் சொன்னாள். மறுநாள் அந்த உடைந்த மூலையில் பென்னாகரத்துக்காரர் ஒருவர் கால் மாட்டிக் குப்புற விழுந்தார். "கண்ணு எங்கய்யா வெச்சிருக்கே?" என்று அவரையும் வைதாள்.

ஈரோட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போக மொரப்பூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போனாள். போய்ச் சேரும்போது ரயில் போய்விட்டிருந்தது. வெற்றிலை மடிக்கவே ஒரு பொழுது ஆக்குகிறவள் அவள். ஆனால் திரும்பி வந்து எங்களிடம் சொன்னது வேறு: "அவுங்களுக்கு என்னாமோ அவசரம் தம்பி. ஒரு ஆளு வருதுன்னா செத்த நிக்கறதில்ல? அதுல ஏறி எங்க உருப்படறது?" புருஷன் செத்துப்போன கதையைச் சொல்லும்போதும் அந்த மனிதர் மேல்தான் குறை. சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாராம்.

கிளப் என்றதும் வக்கீல்கள் காபி குடிக்கிற இடத்தை நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் நாலு பேர் உட்கார்ந்து தின்கிற இடமெல்லாம் கிளப்தான். வழக்குக்கு வரும் கிராமத்து ஜனங்களுக்கு இட்டிலி பல்லிடுக்கில் போய்விடும். வாய்தா மேல் வாய்தா வாங்கி நிற்பதற்கு வயிற்றில் களி கிடக்க வேண்டும். அக்கா கடையில் ராகிக் களியும் கீரைக் கடைசலும், சந்தை நாளில் கருவாட்டுக் குழம்பும் கிடைக்கும். நான் சேலத்திலிருந்து கரண்டு ஆபீஸில் பில் எழுத வந்தவன். கல்யாணம் ஆகாதவன். ஊரில் விளக்கு எரியாவிட்டால் நான் ஊதி அணைத்ததாகவும், எரிந்தால் அது அவர்கள் வீட்டு அதிர்ஷ்டம் என்றும் எல்லோரும் நினைத்தார்கள். அக்கா அதை வாய்விட்டுச் சொல்வாள், அவ்வளவுதான் வித்தியாசம்.

களி கிண்டியது மாதம்மா. கல்யாணத்துக்குப் பந்தி போடுகிற அளவு பெரிய பானை. கொதிக்கிற நொய்யில் மாவைக் கொட்டி, பானை ஆடாமல் கவைக்கட்டையை மாட்டி அதைக் காலால் மிதித்துக்கொண்டு, தன் உயரத்துக்குப் பாதி இருக்கிற துடுப்பைப் போட்டுச் சுழற்றுவாள். நடுவில் நிறுத்தினால் கட்டி தட்டிவிடும். புகையில் கண்ணை மூடிக்கொண்டே கிண்டுவாள். அவள் புருஷன் கோலார் தங்க வயலுக்குப் போனவன், போனவன்தான். இரண்டு பெண் குழந்தைகள். சம்பளம் என்று அக்கா கொடுத்தது பேருக்குத்தான். மிஞ்சின களியை மாலையில் கொண்டுபோவாள், அதுதான் மூன்று பேருக்கும் ராச்சாப்பாடு.

இப்படி இருக்கையில், ரோடு வேலை பார்த்த வெள்ளைக்கார இஞ்சினியர் பட்டாளத்துக்குப் போனார். அவர் மனைவி, துரைசானி, வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டாள். ஊரே போய் நின்றது. அதியமான்கோட்டைக்காரர் ஒருவர் தொப்பி மாட்டுகிற மரத்தை எடுத்தார், மாட்டுக் கயிறு மாட்ட. ஒரு வக்கீல் குளிக்கிற பீங்கான் தொட்டியை எடுத்துப் புளி கொட்டி வைத்தார். கடைசியில் வெள்ளையாக ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். ஒற்றைக் காலில் நின்று, கன்றுக்குட்டி தண்ணீர் குடிப்பது போலக் கிண்ணத்துக்குள் தலையைக் குனிந்திருந்தது. வாயில் இரண்டு கம்பிக் கூடுகள். யாரும் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவின் மூக்கில் ஒரு ஈ உட்கார்ந்தது. அக்கா கையைத் தூக்கினாள். ஏலம் முடிந்துவிட்டது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஈயை நானும் பார்த்தேன்.

"ஈயத்தானேக்கா ஓட்டினீங்க? சொன்னா வுட்டுடுவாங்க" என்றேன்.

"ஈ ஓட்டறதுக்கு நான் என்னா மாடா? வேணுமின்னுதான் தூக்கினேன்."

"இது எதுக்குன்னு தெரியுமாக்கா?"

"தெரியாமயா வாங்குவேன்? நீதான் சொல்லேன் பாக்கலாம்."

அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்துப் பார்த்தேன். முட்டை, வெண்ணெய், கேக் மாவு என்று இருந்தது. கொஞ்ச நேரம் ஓடினால் நிறுத்தி ஆற விட வேண்டும், இறுகின மாவைப் போடக் கூடாது என்றும் இருந்தது. முட்டை அடிக்கிற மிஷின் என்று சொன்னேன்.

"முட்டைய அடிக்க மிஷினு எதுக்கு? அது என்னா, திருப்பி அடிக்குமா?" என்றாள். "கிண்டற மிஷினு தம்பி இது. நம்மூர்ல கிண்டறதுன்னா களி."

"நடுவுல நிறுத்தி ஆற வுடணும்னு போட்டிருக்குதுங்க."

"ஆளுக்கே நான் அப்பிடி வுடறதில்ல. மிஷினுக்கு என்னா நோவு?"

வாங்கியது தப்பில்லை என்றால் அதற்கு வேலை இருந்தாக வேண்டும். வேலை இருக்கிறது என்றால் மாதம்மாவுக்கு வேலை இருக்கக் கூடாது. இந்தக் கணக்கை அக்கா போட்டு முடிக்க ஒரு மாலைப் பொழுது போதுமாக இருந்தது. "மிஷினு வந்துட்டுது மாதம்மா, நீ வேற எடம் பாத்துக்க" என்றாள். மாதம்மா துடுப்பைக் கழுவிச் சுவரில் சாய்த்தாள். அன்றைக்கு மிஞ்சின களியை வாங்கிக்கொண்டு போனாள். எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் பில் எழுதுகிறவனின் வயிறு எரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

கிளப்பில் இருந்தது ஒரே ஒரு விளக்கு. அதைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் வயரை மாட்டினால் மிஷின் ஓடும். ஆகவே களி கிண்டும்போது கிளப் இருட்டாக இருக்கும். பாதி வெந்த களியை அக்கா கிண்ணத்தில் கொட்டி, விசையைத் திருப்பினாள். மிஷின் முதலில் உற்சாகமாகச் சுற்றிச் சுவரெல்லாம் களியை அப்பியது. அப்புறம் களி இறுக ஆரம்பித்தது. மிஷினின் கழுத்து நடுங்கியது. உறுமல் முனகலாயிற்று. கருகின வாடை வந்தது. தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல் மாதிரிச் சுட்டது. விசையை நான்தான் அணைத்தேன். கிண்ணத்தில் கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கட்டிகள் கிடந்தன.

"ராகி சரியில்ல" என்றாள் அக்கா. மளிகைக் கடைக்காரர் தலையில் கட்டின மாரண்டஹள்ளி ராகி உடம்புக்கே சூடாம், மிஷினுக்கு மட்டும் குளிர்ச்சியா செய்யும் என்று கேட்டாள். வத்தல்மலையிலிருந்து ராகி வரவழைத்தாள். மலை ராகியும் மிஷினைச் சுட வைத்தது. மலை ராகியைக் குறை சொல்ல மனம் வராமல், என் பக்கம் திரும்பினாள்.

"உங்க கரண்டுதான் தம்பி சூடா வருது."

"கரண்டுல சூடு, குளிர்ச்சியெல்லாம் இல்லீங்கக்கா."

"மேட்டூர்ல தண்ணியிலேருந்துதானே எடுக்கறாங்க? தண்ணியிலேருந்து எடுத்தது எப்பிடிச் சுடும்? வழியில நீங்க என்னாமோ பண்றீங்க. ஆபீஸ்ல சொல்லி நல்லா ஆறினதா அனுப்பச் சொல்லு."

ஆபீஸில் சொன்னேன். மேலதிகாரி என்னை லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

ஆறின கரண்டு வராததால், அக்கா ஒரு கோணிச்சாக்கைத் தண்ணீரில் நனைத்து, ஓடுகிற மிஷின் தலையில் போர்த்தினாள். நான் கத்துவதற்குள் கரண்டு அவளைத் தூக்கி மாவு மூட்டை மேல் உட்கார வைத்தது. நல்ல வேளை, மூட்டை அங்கே இருந்தது. புடவையில் ஒட்டின மாவைத் தட்டினாள். "பாத்தியா, எம்மேல எவ்ளோ வெறுப்பு அதுக்கு. யாரோ ஏவி வுட்டிருக்காங்க" என்றாள். யாரோ என்று சொன்னவள் மறுநாள் பேரைச் சொன்னாள். ஒருநாள் மாதம்மா சந்தில் போகும்போது மிஷின் சத்தம் கேட்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாளாம். அவள் கண் பட்டுவிட்டதாம்.

களிக் கிளப்பில் சொன்னது கோர்ட்டில் சொன்ன மாதிரி. சாயங்காலத்துக்குள் நாலு ஊருக்குப் போய்விடும். மாதம்மா வேறு வீடுகளில் கம்பு குத்தவும் மாவு இடிக்கவும் போய்க்கொண்டிருந்தாள். கைக்குழந்தை இருக்கிற வீட்டில் முதலில் வேண்டாம் என்றார்கள். அப்புறம் கன்று போட்ட மாடு இருக்கிற வீட்டில். அப்புறம் எந்த வீட்டிலும் வேண்டாம் என்று ஆயிற்று. வெள்ளைக்காரன் மிஷினையே நிறுத்தின கண் என்று பேர். அவள் விறகு பொறுக்கிக்கொண்டு வந்தால், அந்த விறகில் அடுப்பு எரியாது என்று சொன்னவர்களும் உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும், அக்காவுக்குத் தெரியாது. தன் வாயிலிருந்து போனது எங்கே போய் விழுகிறது என்று பார்க்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

ஒரு சந்தை நாள். கிளப்பில் கூட்டம். சித்தேரி மலையிலிருந்து வந்தவர்கள் இலையின் முன்னால் உட்கார்ந்து கட்டிகளைப் பொறுக்கி ஓரத்தில் வைத்தார்கள். "கட்டி இல்ல சாமி, அது மிஷினு களியோட பக்குவம்" என்று அக்கா ஓடி ஓடிச் சொன்னாள். மலைக்காரர் ஒருவர், "எங்க பக்கம் இந்தப் பக்குவத்த மாட்டுக்கு வெப்போம்" என்றார். அந்த நேரம் மிஷின் சூடேறி நின்றது. பானையில் பாதி களி அரை வேக்காட்டில் கிடந்தது. அக்கா துடுப்பை எடுத்துத் தானே கிண்டிப் பார்த்தாள். நாலு சுற்றில் மூச்சு வாங்கியது. துடுப்பைப் போட்டுவிட்டு, "வா தம்பி" என்று என்னையும் இழுத்துக்கொண்டு, மாதம்மா வீடு இருந்த ஏரிக்கரைக்கு நடந்தாள்.

மாதம்மா தலையில் விறகோடு எங்களுக்கு முன்னால் தெருவில் போய்க்கொண்டிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த பெண், மாதம்மாவைக் கண்டதும் குழந்தையின் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். மாதம்மா அந்தப் பக்கம் திரும்பாமல், முகத்தைச் சுவர்ப் பக்கம் வைத்துக்கொண்டே நடந்தாள். பழகிவிட்டது போல இருந்தது. அக்கா அப்படியே நின்றுவிட்டாள். அவள் வாய் சும்மா இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மாதம்மா வீட்டு வாசலில் போய் அக்கா சொன்னது இதுதான்: "மிஷினுக்குச் சூடு தணியல. கூட இருந்து பாத்துக்க ஆளு வேணும். வர்றியா?"

"நான் பாத்தா கண்ணு பட்டுடுதுன்னு சொன்னீங்களேக்கா."

"அதான் சுத்திப் போட்டாச்சே. வாயப் பாக்காத, வா."

மன்னிப்பு என்கிற சொல் அக்காவுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. மாதம்மா அதை எதிர்பார்க்கவும் இல்லை. விறகை இறக்கிவிட்டு வந்தாள்.

அதற்கப்புறம் நடந்த ஏற்பாடு அழகானது. முன்கட்டில், எல்லோரும் பார்க்கும்படி, மிஷின் வெறும் கிண்ணத்தில் கடகடவென்று சுற்றும். பின்கட்டில் மாதம்மா துடுப்பைப் போட்டுக் கிண்டுவாள். வெறுமனே சுற்றுவதால் மிஷின் அவ்வளவாகச் சுடுவதில்லை. சுட்டாலும் ஆறுகிற வரைக்கும் அக்கா அணைத்து வைப்பாள். காகிதத்தில் எழுதியிருந்த ஓய்வெல்லாம் மிஷினுக்குக் கிடைத்தது. மாதம்மாவுக்கு அப்படிக் காகிதம் ஒட்டி வரவில்லை. களி வெண்ணெய் போல இறங்கியது. கரண்டுக் களி என்று பேர் பரவியது. "கை படாத களி, அதான் இந்த ருசி" என்று வக்கீல் குமாஸ்தாக்களும் வர ஆரம்பித்தார்கள். பின்கட்டில் மாதம்மாவின் உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. நான் அக்காவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "மிஷினு வந்தப்புறம்தானே களி நல்லாயிருக்குது?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தால் அதுவும் உண்மைதான். இத்தனை நாளில் அவளே நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

பேர் கோர்ட்டுக்குள்ளும் போயிற்று. புதிதாக வந்திருந்த முனிசீப்புக்குப் புதுமை என்றால் உயிர். ஒருநாள் இடைவேளையில், வெள்ளை வேட்டியும் வெள்ளைக் கோட்டுமாக, டவாலிச் சேவகன் முன்னால் வழி விலக்க, களிக் கிளப்புக்கு வந்து நின்றார். பின்னால் பாதிக் கோர்ட்டு. களி கிண்டுகிறதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். வேறு யாராவது என்றால் மிஷினுக்கு இன்றைக்கு ஓய்வு என்று சொல்லியிருப்பார்கள். அக்கா பானையை எடுத்துக் கிண்ணத்தில் கவிழ்த்தாள்.

மிஷின் சுற்றியது. முனிசீப் குனிந்து, "அடடா!" என்றார். அவ்வளவுதான். கழுத்து நடுங்கி, உறுமி, ஒரு கை களியை அள்ளி முனிசீப்பின் வெள்ளைக் கோட்டில் வீசியது. அப்புறம் புகை. அப்புறம் உள்ளே ஏதோ பட்டென்று வெடித்த சத்தம். மிஷின் செத்துப்போயிற்று. முனிசீப் கைக்குட்டையால் களியைத் துடைக்க, அது இன்னும் நன்றாகப் பரவியது.

நீதிபதி ஆயிற்றே, குற்றவாளி வேண்டும் அவருக்கு. "யார் பொறுப்பு இதற்கு?" என்றார். "இந்த மிஷினைப் பார்த்துக்கொள்வது யார்?"

டவாலிச் சேவகன் பின்கட்டு வாசலில் நின்ற மாதம்மாவைக் கை காட்டினான். "இவதாங்க எஜமான். பொல்லாத கண்ணு. ஊருக்கே தெரியும். முன்னாடியும் ஒரு தடவ இவ பாத்துத்தான் நின்னுபோச்சு. களிக்கார அம்மாவே சொன்னாங்க."

"அப்படியென்றால் இவளை எதற்கு வைத்திருக்கிறாய்? முதலில் வெளியே அனுப்பு" என்றார் முனிசீப், அக்காவைப் பார்த்து.

கூட்டம் மாதம்மாவைப் பார்த்தது. முனிசீப்பே சொல்லிவிட்டால் அப்புறம் அவளைக் களிக் கிளப் மட்டுமல்ல, தருமபுரியே சேர்த்துக்கொள்ளாது. அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறு ஊரைத்தான் பார்க்க வேண்டும். அக்காவுக்கோ தலையை ஆட்டினால் போதும், வாயைத் திறக்கக்கூட வேண்டாம். பழி தயாராக, ஆளோடு, சாட்சியோடு, தீர்ப்போடு வந்து நின்றது. வாழ்நாளில் அவ்வளவு வசதியான பழி அவளுக்குக் கிடைத்திருக்காது. போச்சு என்று நினைத்தேன். மாதம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்படத் தயாரானாள்.

அக்கா வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"எஜமான் கோவிச்சுக்கக் கூடாதுங்க" என்றாள். "இவ தினமும்தான் பாக்கறா. ஓடிக்கிட்டுத்தானே இருந்துது? இன்னிக்கிப் புதுசா வந்தது நீங்கதாங்க. குனிஞ்சு பாத்தீங்க, 'அடடா'ன்னீங்க, நின்னுபோச்சு. நீங்களே ஞாயம் சொல்லுங்க. கண்ணு யாருதுங்க?"

டவாலிச் சேவகன் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டான். முனிசீப் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சாட்சியங்கள் எல்லாம் அவருக்கு எதிராக இருந்தன என்பது அவருக்கே தெரிந்திருக்க வேண்டும். கோட்டைக் கழற்றிச் சேவகன் கையில் கொடுத்துவிட்டு, உடைந்த படியில் பார்த்துக் கால் வைத்து வெளியே போனார்.

மறுநாளிலிருந்து கோர்ட்டு ஆட்கள் யாரும் கிளப் பக்கம் வரவில்லை. அவர்கள் வராததைப் பார்த்து, கேஸ் கெட்டுவிடும் என்று பயந்து வழக்குக்காரர்களும் வரவில்லை. பகல் வேளையில் பந்திப்பாய் விரித்தபடி கிடந்தது. நான் போனபோது உள்ளே இருந்தது இரண்டே பேர். மாதம்மா இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா பரிமாறிக்கொண்டிருந்தாள். அதற்கு முன் அந்தக் காட்சியை நான் பார்த்ததில்லை. அக்காவின் கை அள்ளிப் போடும், மாதம்மா வேண்டாம் என்று இலையை மறைப்பாள், அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டுப் போடுவாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏங்கக்கா, படி மேல போட்டீங்க, ரயில் மேல போட்டீங்க, அணை மேல போட்டீங்க. முந்தி ஒரு தடவ இவுங்க மேலயும்தான் போட்டீங்க. அன்னிக்கு மட்டும் எதுக்கு அவ்ளோ பெரிய மனுஷர் மேல போட்டீங்க? வியாபாரமே போச்சே" என்றேன்.

அக்கா கரண்டியைப் பானையில் வைத்தாள். மாதம்மாவைப் பார்க்கவில்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"பழியத் தூக்கறதுக்கும் வலு வேணும் தம்பி. அணைக்கு இருக்குது, ரயிலுக்கு இருக்குது, முனிசீப்புக்கு இருக்குது. தொடச்சுப் போட்டுட்டுப் போயிடுவாரு. இவளால ஆவாது. ஒரு தடவ வெச்சுப் பாத்தாச்சு."

மாதம்மா இலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. களியை ஒரு விள்ளல் பிட்டவள் அதை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள். நான் இலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னா மரமாட்டம் நிக்கறே?" என்று அக்கா என் மேல் பாய்ந்தாள். "நீ வாயக் கெளறி வுட்டதுல களி ஆறிப்போச்சு பாரு. எல்லாம் உன்னாலதான்."

"ஆமாங்கக்கா, என்னாலதான்" என்று சொல்லி, மாதம்மாவுக்குப் பக்கத்தில் இலை போட்டு உட்கார்ந்தேன்.